டாய்லெட் சீட் ஸ்பிரே: ஆறு மாதம் பயன்படுத்திய பிறகு

அம்மா திருச்சியில் தனியாக இருப்பதால் வாராவாரம் சென்னையிலிருந்து பஸ்ஸில் போய்வருகிறேன். ஆறு மணி நேரப் பயணம். வழியில் பஸ் நிற்கும் இடத்துக் கழிப்பறையை நினைத்தாலே எனக்கு இறங்க மனம் வராது. அதனால் கிளம்பும் நாளில் மதியத்திலிருந்தே தண்ணீர் குடிக்கமாட்டேன், வீடு வரும்வரை அடக்கிக்கொள்வேன். போன வருடம் மூன்று முறை நீர்க்கடுப்பு வந்தது. மூன்றாவது தடவை குளிர்காய்ச்சலோடு விலா ஓரத்தில் வலியும் சேர்ந்துகொள்ள, சிறுநீரில் என்ன கிருமி என்று பார்க்கும் யூரின் கல்ச்சர் சோதனை எடுத்துப் பார்த்து ஒரு வாரம் ஆன்டிபயாட்டிக் கொடுத்தார்கள்.

அதற்குப் பிறகுதான் மருந்துக் கடையில் இந்த ஸ்பிரேயை வாங்கினேன். கைப்பையில் அடங்கும் சின்ன பாட்டில். சீட்டில் அடித்துவிட்டு, காய்ந்தபின் உட்கார வேண்டும். ஆல்கஹால் என்பதால் சீக்கிரம் காய்ந்துவிடும். ஈரத்தோடு உட்கார்ந்தால் தோல் எரியும், முதல் நாளே பட்டுத் தெரிந்துகொண்டேன். சீட்டில் அழுக்கோ ஈரமோ இருந்தால் முதலில் டிஷ்யூவால் துடைக்க வேண்டும், அழுக்கின் மேல் அடித்துப் பயனில்லை. வாசனை கொஞ்சம் தூக்கல். நம் பஸ் நிலையங்களில் பாதிக்கு மேல் இந்தியன் டாய்லெட்தான், அங்கே இதற்கு வேலையே இல்லை. அந்த இடங்களில் தண்ணீர் வரும் குழாயும், தாழ்ப்பாள் விழும் கதவும், பையை மாட்ட ஓர் ஆணியும் இருந்தாலே பெரிய விஷயம்.

சரி, தொற்றைத் தடுக்குமா? பாட்டிலில் அப்படித்தான் போட்டிருக்கிறது. டாக்டரம்மாவிடமே கேட்டேன். "சீட்டிலிருந்து இது வருவது ரொம்ப அபூர்வம்மா. பெரும்பாலும் நம் குடலில் இருக்கிற ஈ.கோலை கிருமிதான் காரணம். பெண்களுக்குச் சிறுநீர்க் குழாய் நாலு சென்டிமீட்டர்தான், அது சுலபமாக ஏறிவிடும். நீ தண்ணீர் குடிக்காமல் அடக்குவதுதான் அதற்கு வசதி" என்றார். கழுவினாலும் துடைத்தாலும் முன்னிருந்து பின்னால்தான் என்பதையும் அழுத்திச் சொன்னார். சீட்டில் படாமல் அரைகுறையாகக் குந்தினால் தசை இறுகி, சிறுநீர் முழுதாக வெளியேறாமல் தங்கிவிடலாம் என்றார். இத்தனை வருடமும் நான் அப்படித்தான் நின்றிருக்கிறேன்.

ஆக, பாட்டிலில் போட்டிருக்கும் காரணத்துக்காக இதை வாங்க வேண்டாம். எனக்கு இது வேறு விதத்தில் உதவியது. கைப்பையில் இது இருக்கிற தைரியத்தில் பஸ் நிற்கும் இடத்தில் இறங்குகிறேன், வெஸ்டர்ன் டாய்லெட் இருந்தால் நன்றாக உட்கார்ந்து போகிறேன். இறங்கலாம் என்று தெரிந்ததால் பயணத்திலும் தண்ணீர் குடிக்கிறேன். இந்த ஆறு மாதத்தில் ஒரு தடவைகூட நீர்க்கடுப்பு வரவில்லை. அதற்குத் தண்ணீர்தான் காரணம் என்று நினைக்கிறேன்.

அருவருப்பு இல்லாமல் இறங்கிப் போகிறவர்களுக்கு இந்தச் செலவு தேவையில்லை, சோப்பும் டிஷ்யூவும் போதும். என்னைப் போல அடக்கிக்கொண்டே ஊர் போய்ச் சேருகிறவர்கள் ஒரு பாட்டில் வாங்கிப் பாருங்கள். ஏற்கெனவே எரிச்சலோ காய்ச்சலோ இருந்தால் முதலில் டாக்டரைப் பாருங்கள்.