உப்புக்காற்றில் கேலக்ஸி ஏ35

மண்டபம், பாம்பன் பக்கம் சாம்சங் கேலக்ஸி ஏ35 வாங்குபவர்கள் ஐபி67 (தூசி, தண்ணீர் தாங்கும் தரக்குறியீடு) என்றதும் மயங்கிவிட வேண்டாம். ஒரு மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் என்ற கணக்கு நல்ல தண்ணீருக்கு மட்டும்தான். நாட்டுப்படகில் கடல்நீர் பட்டால் உடனே நல்ல தண்ணீரில் அலசி, சார்ஜ் துளை கீழே பார்க்க உதறி, முழுசாகக் காய்ந்த பிறகே சார்ஜ் போடுங்கள். அவசரப்பட்டால் பின்களில் பச்சை பூக்கும். அப்புறம் கேபிளை ஆட்டி ஆட்டித்தான் ஏற்ற வேண்டும். ஹேர் டிரையர் காட்டவே கூடாது, சூட்டில் உள்ளே உள்ள பசை இளகிவிடும்.

அமோலெட் திரை வெயிலிலும் தெளிவு. 5000 எம்ஏஎச் பேட்டரி ஒரு நாளுக்குத் தாராளம். 25 வாட் சார்ஜிங் மந்தம். பெட்டியில் சார்ஜரும் கிடையாது, அது கஞ்சத்தனம். மெமரி கார்டு போட்டால் இரண்டாவது சிம் கார்டுக்கு இடமில்லை. தனுஷ்கோடிப் பக்கம் போனால், எந்த போனாக இருந்தாலும், டேட்டா ரோமிங்கை அணைத்துவிடுங்கள். இலங்கை டவர் பிடித்துக்கொள்ளும்.