டிஏசியை நேராகப் பவர் ஆம்ப்ளிஃபயரில் செருகச் சொன்னால் முதலில் அளந்து பாருங்கள்

சென்னை ரிச்சி தெருக் கடைக்காரர் ஒருவரின் பேச்சை நம்பி, என் தந்தை விட்டுச்சென்ற ஸ்பீக்கர்களில் ஒன்றின் ட்வீட்டரை, அதாவது உயர் ஒலிகளைத் தரும் சிறு பகுதியை, கருக்கிவிட்டேன். இது வேறு யாருக்கும் நடக்கக் கூடாது.

வீட்டில் ஒலியளவைக் கட்டுப்படுத்தும் ஒரு ப்ரீஆம்பும் ஸ்பீக்கர்களை இயக்கும் 100 வாட் பவர் ஆம்ப்ளிஃபயரும் நன்றாகவே இருந்தன. கணினியிலிருந்து பாட்டுக் கேட்க, டிஜிட்டல் ஒலியை ஆம்ப்ளிஃபயருக்கேற்ற மின் அலையாக மாற்றும் டிஏசி மட்டும் வாங்கப் போனேன். "இதிலேயே வால்யூம் குமிழ் இருக்கிறது சார், நடுவில் ப்ரீஆம்ப் எதற்கு? ஒலியைக் கெடுக்கும்" என்றார். ஆம்ப்ளிஃபயருக்குக் கம்பி போகும் பின்பக்க ஆர்சிஏ இணைப்புகளும் அந்தக் குமிழுக்குக் கட்டுப்படுமா என்று குறிப்பாகவே கேட்டேன். தயங்காமல் "கட்டுப்படும்" என்றார். கணினியின் ஒலியளவை முழுதாக வைக்கவும் சொன்னார். என் ப்ரீஆம்பை 3,000 ரூபாய்க்குக் கழித்துக்கொண்டார்.

அன்றிரவு குமிழை அடிவரை குறைத்துவிட்டு ஒரு பழைய கச்சேரிப் பதிவைப் போட்டேன். மிருதங்கம் விழுந்ததும் வீடே அதிர்ந்தது. குமிழை எப்பக்கம் திருப்பினாலும் மாற்றமில்லை. பாய்ந்துபோய்ச் சுவர் சுவிட்சை அணைப்பதற்குள் இடப்பக்க ட்வீட்டர் போய்விட்டது. இப்போது அந்தப் பக்கம் தம்பூராவின் ரீங்காரம் இல்லை.

அந்தக் குமிழ் ஹெட்போனுக்கு மட்டுமானது. கணினியின் ஒலியளவு முழுதாக இருக்கையில் பின்பக்கம் வருவது, குமிழால் குறைக்க முடியாத 2 வோல்ட். என் ஆம்ப்ளிஃபயர் உள்ளே வருவதை 20 மடங்காக்கும். 8 ஓம் ஸ்பீக்கரில் 100 வாட் என்பது ஏறத்தாழ 28 வோல்ட்; அதற்கு 1.4 வோல்ட் உள்ளே வந்தாலே போதும். 2 வோல்ட் வந்தால் 40 வோல்ட் கொடுக்க வேண்டும். கொடுக்க முடியாமல் அலையின் முகடுகள் வெட்டுப்படும். அப்போது பிறக்கும் உயர் அதிர்வெண்கள் ட்வீட்டரின் மெல்லிய சுருளில் போய் இறங்கும்.

நேரடி இணைப்பே தவறு என்று நான் சொல்லவில்லை. பின்பக்க வெளியீட்டையே கட்டுப்படுத்தும் டிஏசிகள் உண்டு. அவற்றை அப்படி இணைத்துப் பலர் நிம்மதியாகக் கேட்கிறார்கள். உங்களுடையது எந்த வகை என்பதை ஆம்ப்ளிஃபயரைத் தொடாமலே அறியலாம். 50 ஹெர்ட்ஸ் சோதனை ஒலி ஒன்றை முழு அளவில் ஓடவிட்டு, ஆர்சிஏ முனையில் மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து அளந்தபடி குமிழைக் குறையுங்கள். எண் 2 வோல்ட்டை விட்டு அசையாவிட்டால் ப்ரீஆம்ப் இல்லாமல் இணைக்காதீர்கள். அசைந்தாலும், மின்சாரத்தை நிறுத்திப் போட்டபின் எந்த அளவில் விழிக்கிறது என்று இன்னொரு முறை பாருங்கள். ஆம்ப்ளிஃபயரைக் கடைசியாகப் போட்டு, முதலில் அணைப்பது நல்லது.

மறுநாள் கடைக்குப் போனேன். "கையேட்டைப் படித்திருக்க வேண்டும்" என்றார். வெளியீடு நிலையானது என்று அதில் பொடி எழுத்தில் ஒரு வரி இருப்பது உண்மைதான். ஆனால் நான் கேட்டது அவரை. பதில் சொன்னதும் அவர்தான். டிஏசியைத் திரும்பப் பெற மறுத்தார். "வேண்டுமானால் ஒரு ப்ரீஆம்ப் வாங்கிக்கொள்ளுங்கள்" என்று அலமாரியைக் காட்டினார். அங்கே துடைத்து வைத்திருந்தது என்னுடையதே. விலை 11,000 ரூபாய்.

வாங்காமல் திரும்பிவிட்டேன். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். கடைக்காரரின் வாய்மொழியை ரசீதில் ஒரு வரியாக எழுதி வாங்கியிருந்தால் என் புகார் இன்னும் வலுவாக இருந்திருக்கும்.