துணி மூட்டையா, கண்ணாடி ஜாடியா, அடுக்குத் தட்டா? முளைகட்ட எது நல்லது?

வீட்டில் முளைகட்டும்போது விதைகள் அழுகினால் பெரும்பாலும் தண்ணீர் குறைந்ததால் அல்ல, வடியாததால்தான். ஊறிய விதை முளைவிடும்போது வேகமாகச் சுவாசிக்கும். நீர் தேங்கினால் மூச்சு முட்டி அழுகிவிடும். எந்தப் பாத்திரம் நல்லது என்பதை நான் முதலில் பார்ப்பது இதை வைத்துத்தான்: நீர் எவ்வளவு நன்றாக வடிகிறது, காற்று எவ்வளவு தாராளமாகப் போய்வருகிறது?

துணி மூட்டையில் செலவே இல்லை. பச்சைப்பயறு, கொள்ளு, கொண்டைக்கடலை போன்ற பருத்த விதைகளை 8 முதல் 12 மணி நேரம் ஊறவைத்து, வடித்து, பருத்தித் துணியில் தளர்வாக முடிந்து வைத்தால் போதும். துணி ஈரத்தைப் பிடித்துக்கொள்வதால் ஒரு வேளை அலச மறந்தாலும் விதை காய்ந்துவிடாது. சின்ன முளை போதும் என்பவர்களுக்கு இதுவே சரி. ஆனால் அதற்கு மேல் வளரவிட்டால் தொல்லைதான். வேர் துணியின் இழைகளுக்குள் புகுந்துவிடும், பிரிக்கும்போது ஒடியும். முளைக்கும் விதை வெப்பத்தையும் வெளியிடும் என்பதால் பெரிய மூட்டையின் நடுப்பகுதி சூடேறி முதலில் கெடும். துணியை ஒவ்வொரு முறையும் கொதிநீரில் போட்டு எடுத்து, நன்றாகக் காயவைக்க வேண்டும்.

பொதுவான உபயோகத்துக்கு என் தேர்வு கண்ணாடி ஜாடி. அகன்ற வாயில் வலையோ மெல்லிய துணியோ கட்டி, நீர் ஊற்றி அலசி, வாய் கீழ்நோக்கியிருக்கும்படி சாய்த்து வைத்தால் வடிந்துகொண்டே இருக்கும். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை அலச அரை நிமிடம்கூட ஆகாது. உள்ளே நடப்பதெல்லாம் கண்ணுக்குத் தெரியும், மூலைமுடுக்கு இல்லாததால் கழுவுவதும் சுலபம். எல்லோரும் தவறுவது அளவில். ஒரு லிட்டர் ஜாடிக்கு மூன்று நான்கு மேசைக்கரண்டி பச்சைப்பயறு போதும். வெந்தயம் என்றால் இன்னும் குறைத்துப் போடுங்கள். நெருக்கியடித்தால் காற்றும் போகாது, நீரும் வடியாது.

சியா, ஆளி போன்ற விதைகளுக்கு ஜாடி உதவாது. நனைந்ததும் வழவழப்பான கூழ் சுரந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், அலசவே முடியாது. இவற்றைத் தட்டில் மெல்லியதாகப் பரப்பி நீர் தெளித்து வளர்க்க வேண்டும். முள்ளங்கி, கடுகு முளைகளை நிமிர்ந்து பச்சை இலை விடும்வரை வளர்க்கவும் தட்டுதான் சரி. ஆனால் துளையிட்ட பிளாஸ்டிக் அடுக்குகளில் மேல் தட்டின் கழிவுநீர் கீழ்த் தட்டில் இறங்குகிறது, துளைகளில் வேர் அடைத்துக்கொள்கிறது. பிரஷ் போட்டுத் தேய்க்கப் பொறுமை இல்லையென்றால் வாங்காதீர்கள்.

தடித்த வெள்ளைத் தண்டுள்ள பயறு முளை வேண்டுமானால், அடியில் துளையுள்ள ஆழமான பாத்திரத்தை இருட்டில் வைத்து, மேலே பளு வைக்க வேண்டும். அழுத்தத்தில் முளைகள் எத்திலீன் வாயுவை அதிகம் வெளியிடும். அதனால் தண்டு நீளாமல் பருக்கும்.

எந்தப் பாத்திரமும் தீர்க்காத ஆபத்து ஒன்று உண்டு. 2011-இல் ஜெர்மனியில் 50 பேருக்கு மேல் உயிரிழந்த ஈ.கோலை தொற்று, வெந்தய முளைகளோடு தொடர்புபடுத்தப்பட்டது. கிருமி விதையிலேயே ஒளிந்திருந்தால் எத்தனை முறை அலசினாலும் முழுதாகப் போகாது. முளைக்கத் தேவையான ஈரமும் சூடும் அதையும் பெருக்கிவிடும். அதனால் குழந்தைகள், கர்ப்பிணிகள், முதியவர்கள், நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு முளைகளை நன்றாக வேகவைத்தே கொடுங்கள். சிவப்பு ராஜ்மாவை முளைகட்டினாலும் யாரும் பச்சையாகச் சாப்பிடக் கூடாது, அதிலுள்ள லெக்டின் நச்சு கொதிக்கவைத்தால்தான் அழியும். மருந்து தடவிய விதைப்பு விதைகள் வேண்டவே வேண்டாம்.

முள்ளங்கி முளையின் வேரில் வெள்ளைப் பஞ்சுபோல் தெரிந்தால் உடனே பயப்பட வேண்டாம். அலசியதும் படிந்து மறைந்தால் அது வேர்த்தூவி. விதை, தண்டு என எங்கும் படர்ந்து பூசண வாடை அடித்தால் பூஞ்சை, மொத்தத்தையும் கொட்டிவிடுங்கள். நல்ல முளைகளை ஈரம் போக உலரவிட்டு ஃபிரிட்ஜில் 5 டிகிரிக்குக் கீழே வைத்து, சில நாட்களுக்குள் தீர்த்துவிடுங்கள்.