தரையில் துடித்த மீன்: டெட்ராய்ட் பிகம் ஹியூமன்

செங்கோட்டையில் சாரல் பிடித்தால் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. அப்படி ஒரு வாரத்தில்தான், 2018-இல் வந்த இந்த வீடியோ விளையாட்டை முடித்தேன். கதை 2038-இல், டெட்ராய்ட் நகரத்தில். கானர், காரா, மார்கஸ் என்று மூன்று ஆண்ட்ராய்டுகளாக, அதாவது அச்சு அசல் மனிதர் போலவே இருக்கும் ரோபோக்களாக, மாறி மாறி ஆட வேண்டும்.

முதல் காட்சி: மொட்டைமாடியில் ஒரு சிறுமி பிணையாக. கானர் உள்ளே நுழைந்தால், தொட்டிக்கு வெளியே மீன் ஒன்று துடிக்கிறது. “மொதல்ல அத எடுத்துப் போடுல” என்றாள் அக்கா. குனிந்து எடுத்து விட்டேன். கொடுத்த காசு அங்கேயே சரியாகிவிட்டது.

அத்தியாயம் முடிந்ததும் போன வழி, விட்ட வழி எல்லாம் கிளைகிளையாகத் திரையில் விரிகிறது. மார்கஸ் பகுதி கொஞ்சம் மேடைப்பேச்சுதான். காராவை நான் பட்டன் பிந்தி அழுத்தியே சாகவிட்டேன். அக்கா இரண்டு நாள் பேசவில்லை. சரி என்று முதலிலிருந்து ஆரம்பித்திருக்கிறேன்.