பாஸ் கிட்டார் டோனைச் சரிசெய்யக் கடையில் விடுவதற்கு முன் இதைப் படியுங்கள்

பாஸ் வாசிக்கும் எல்லோருக்கும், குறிப்பாக இப்போதுதான் மேடை ஏறத் தொடங்கியிருக்கும் தம்பி தங்கைகளுக்கு இந்தப் பதிவு. "டோன் சரியில்லை" என்று சொல்லிக்கொண்டு ஒரு கடைக்குள் போனால், அந்த ஒரு வார்த்தையை வைத்தே உங்கள் தலையில் எதை வேண்டுமானாலும் கட்டிவிட முடியும். எனக்கு அது நடந்தது. நல்ல நிலையில் இருந்த பிக்கப்பை (கம்பியின் அதிர்வை மின் சிக்னலாக்கும் பாகம்) கழற்றிக்கொண்டு மட்டமான ஒன்றை மாட்டினார்கள். நான் கேட்காத ப்ரீஆம்ப் ஒன்றை (பேட்டரியில் ஓடி சிக்னலைக் கூட்டும் சுற்று) உள்ளே திணித்தார்கள். என் ஆம்ப்புக்கு (ஆம்ப்ளிஃபையர்) பொருந்தாத கேபினட்டையும் (ஸ்பீக்கர் பெட்டி) விற்றார்கள். இவ்வளவுக்குப் பிறகும் எந்தக் குறைக்காகப் போனேனோ அது அப்படியே இருந்தது. கடையின் பெயரைப் போடவில்லை. அவர்கள் கையாண்ட வழிகள் தெரிந்தால் போதும், எந்தக் கடையிலும் சுதாரித்துக்கொள்ளலாம்.

என்னுடையது பிரெசிஷன் வகை பாஸ், பேட்டரி எதுவும் இல்லாத பழைய பாணி. வீட்டில் வாசித்தால் அடிவயிற்றில் இறங்குகிற மாதிரி சத்தம் வரும். மேடைக்குப் போனால் எல்லாம் குழம்பி "ஙொம்" என்று ஒரே முழக்கம். எந்த நோட் வாசிக்கிறேன் என்று டிரம்ஸ்காரருக்கே தெரியாது. இதைத்தான் கடையில் சொன்னேன்.

அவர் கிட்டாரை வாங்கினார், ஒரு ஆம்ப்பில் செருகினார், நாலு நோட் தட்டினார்.

"தம்பி, பிக்கப் செத்துப்போச்சு. பாதி காயில் வேலை செய்யல. மேக்னட்டும் பவர் இழந்துடுச்சு. ஹாட் பிக்கப் போட்டு, கூட ஒரு ஆக்டிவ் ப்ரீஆம்ப் வச்சுட்டா மேடையில கிழிச்சுடும்."

"நாலு கம்பியும் ஒரே அளவுலதானே கேக்குதுண்ணே?"

"காதுக்கு அப்படித்தான் தெரியும். உள்ள போயிருச்சு."

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் இது சுத்தப் பொய். பிரெசிஷன் பிக்கப் இரண்டு பாதிகளாக இருக்கும், ஒவ்வொன்றிலும் காயில் எனப்படும் ஒரு கம்பிச் சுருள். ஒரு பாதி இ, ஏ கம்பிகளுக்கு, இன்னொன்று டி, ஜி கம்பிகளுக்கு. 1957ல் ஃபெண்டர் நிறுவனம் கொண்டுவந்த அமைப்பு இது. அந்த இரண்டு பாதிகளும் தொடரிணைப்பில் இருக்கின்றன. ஒரு பாதியின் காயில் அறுந்தால் மற்றதும் சேர்ந்து படுத்துவிடும். நாலு கம்பியுமே ஈனஸ்வரத்தில் சன்னமாகத்தான் கேட்கும். நாலும் நல்ல கனத்தோடு கேட்கிறது என்றால் இரண்டு காயிலும் உயிரோடுதான் இருக்கின்றன. அதேபோல, பிக்கப்பில் இருக்கும் அல்நிக்கோ காந்தம் வாசித்து வாசித்துத் தேய்ந்துபோகிற பொருள் அல்ல. பக்கத்தில் பலமான வேறு காந்தம் பட்டால் பலம் குறையலாம். மற்றபடி பல்லாண்டு காலம் அப்படியே இருக்கும்.

வேலை முடிந்து வாங்கப் போனபோது வாசித்துக் காட்டினார்கள். அசத்தலாக இருந்தது. பளிச்சென்று, கணீரென்று. இந்த டெமோவில் என்ன நடந்தது என்பதைத்தான் எல்லோரும் கவனிக்க வேண்டும். பழைய கம்பிகளைக் கழற்றிவிட்டுப் புது ரவுண்ட்வவுண்ட் கம்பி (வெளிச்சுற்று உருண்டையானது) போட்டிருந்தார்கள். புதுக் கம்பி போட்டால் எந்த பாஸாக இருந்தாலும் மேல் அலைவரிசை பிரகாசமாகத்தான் வரும். ஒரு பிக்கப் மாற்றுவதைவிடக் காதுக்குப் பெரிதாகத் தெரிகிற மாற்றம் அது. இரண்டாவது, முன்பு வாசித்ததைவிடச் சத்தத்தைக் கூட்டி வைத்திருந்தார்கள். ஒரே ஒலியைக் கொஞ்சம் கூட்டி வைத்தாலே காது அதை "நல்லா இருக்கு" என்று சொல்லிவிடும். மூன்றாவது, கேபினட் கடையின் மூலையில் இருந்தது. இரண்டு சுவரும் தரையும் சேரும் இடத்தில் எந்த கேபினட்டை வைத்தாலும் லோ எண்ட், அதாவது அடி ஒலி, தானாகக் கூடும். இந்த மூன்றில் எதுவுமே பிக்கப்பின் வேலை இல்லை. கம்பி, வால்யூம், மூலை, அவ்வளவுதான். ஆனால் பில் பிக்கப்புக்கும் ப்ரீஆம்ப்புக்கும் போட்டார்கள்.

வீட்டுக்கு வந்து செருகியதும் முதலில் கேட்டது இரைச்சல். "ம்ம்ம்" என்று விடாத ஹம். இந்த பாஸில் அதற்கு முன் அது இருந்ததே இல்லை. பிரெசிஷனின் இரண்டு பாதிகளும் எதிரெதிர்த் துருவக் காந்தமும் எதிரெதிர்ச் சுற்றுத் திசையும் கொண்டவை. மின்கம்பிகளிலிருந்தும் டிரான்ஸ்ஃபார்மரிலிருந்தும் வருகிற 50 அல்லது 60 ஹெர்ட்ஸ் இரைச்சல் ஒரு பாதியில் கூடினால் மறு பாதியில் கழிந்துவிடும். சரியாக மாட்டிய பிரெசிஷனில் அந்த ஹம் கேட்கவே கூடாது.

எனக்குத் தெரிந்த ஒரு டெக்னீஷியன் அண்ணனிடம் எடுத்துப் போனேன். பிக்கார்டை (உடலின் மேல் இருக்கும் தகடு) கழற்றிப் பிக்கப்பின் ஒரு பாதியைத் திருப்பிக் காட்டினார். அடியில் கன்னங்கரேலென்று ஒரு செராமிக் காந்தப் பட்டை, பசை வழிய ஒட்டியிருந்தது. மேலே தெரிந்த துருவக் குச்சிகள் வெறும் இரும்பு. என்னுடைய பழைய பிக்கப்பில் குச்சிகளே அல்நிக்கோ காந்தங்கள், அடியில் பட்டை கிடையாது, வெளியே வந்த வயருக்குத் துணி உறை. இதில் பளபளக்கும் பிளாஸ்டிக் வயர். பிறகு ஒரு சின்ன திசைகாட்டியை எடுத்து முதல் பாதியின் மேல் பிடித்தார். முள் ஒரு பக்கம் இழுத்தது. அடுத்த பாதியின் மேல் பிடித்தார். அதே பக்கம்தான் இழுத்தது. "ரெண்டும் ஒரே துருவம்பா. ஒரே மாதிரிச் சுத்தின பாதியையே ரெண்டு எடுத்து மாட்டிருக்காங்க. ஹம் எப்படிக் கழியும்?" என்றார். இரண்டு பாதிகளும் வெவ்வேறு கம்பிகளைக் கேட்பதால் வாசிக்கும்போது பெரிய வித்தியாசம் தெரியாது. வாசிப்பதை நிறுத்தினால்தான் குட்டு வெளிப்படும்.

மல்டிமீட்டரிலும் பார்த்தார். பிரெசிஷன் வகைக்கு வழக்கமாக 10 முதல் 12 கிலோ ஓம் வரை மின்தடை இருக்கும். "ஹாட்", அதாவது அதிகச் சத்தம் தருவது, என்று விற்கப்பட்ட இது 8ஐக்கூடத் தொடவில்லை. மின்தடை மட்டுமே டோனைத் தீர்மானிக்காது, செராமிக் காந்தம் என்றாலே மட்டம் என்றும் சொல்ல மாட்டேன். செராமிக்கில் அருமையான பிக்கப்புகள் இருக்கின்றன. என் புகார், சொன்னது ஒன்று மாட்டியது ஒன்று என்பதுதான்.

ப்ரீஆம்ப் கதை இதைவிட வேதனை. பேட்டரிக்குத் தனி மூடி கிடையாது. 9 வோல்ட் பேட்டரியை ஸ்பாஞ்சில் சுற்றி பிக்கார்டுக்கு அடியில் செருகியிருந்தார்கள். மாற்ற வேண்டுமென்றால் கம்பிகளைத் தளர்த்தி, பிக்கார்டின் அத்தனை திருகாணிகளையும் கழற்ற வேண்டும். ஆக்டிவ் பாஸில் கேபிள் ஜாக்கில் இருக்கும் வரை பேட்டரி ஓடிக்கொண்டே இருக்கும் என்பதையும் அவர்கள் சொல்லவில்லை. பேட்டரி இறங்கினால் சத்தம் பிசிறடித்து உடையத் தொடங்கும். அது ஒரு கச்சேரியின் நடுவில் நடந்தால் என்ன செய்வது? மேடையில் உட்கார்ந்து திருகாணியா கழற்ற முடியும்?

பழைய பிக்கப்பைத் திருப்பிக் கேட்டேன். "அது ஸ்கிராப் தம்பி, தூக்கிப் போட்டாச்சு" என்றார்கள். விடாமல் நின்றதும் ஒரு கவரில் எதையோ போட்டுக் கொடுத்தார்கள். பிளாஸ்டிக் வயர். என்னுடையது இல்லை.

கேபினட்டுக்கு வருகிறேன், இதில் ஆம்ப்பே எரிந்துபோகும் ஆபத்து இருந்தது. என் ஆம்ப்பின் பின்பக்கம் "குறைந்தபட்சம் 4 ஓம்" என்று அச்சிட்டிருக்கிறது. ஏற்கெனவே ஒரு 4 ஓம் கேபினட் வைத்திருந்தேன். அதோடு சேர்த்து வாசியுங்கள் என்று இன்னொரு 4 ஓம் கேபினட்டை விற்றார்கள். இரண்டும் இணையாகச் சேரும்போது மொத்தம் 2 ஓம். ஆம்ப் தாங்கக்கூடியதைவிட அதிக மின்னோட்டம் இழுக்கும். என் ஆம்ப்பில் பாதுகாப்புச் சுற்று இருந்ததால் நிகழ்ச்சியின் நடுவில் தானாக அணைந்தது, எரியவில்லை. இரண்டு கேபினட் வேண்டுமென்றால் இரண்டு 8 ஓம் சேர்த்து 4 ஓம் ஆக்குவதுதான் இப்படிப்பட்ட ஆம்ப்புக்குச் சரி. ஸ்பீக்கருக்கு ஸ்பீக்கர் கேபிளே போட வேண்டும், கிட்டார் கேபிள் ஆகாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். "வாட்ஸ் டபுள் பண்ணா சத்தம் டபுள்" என்று யாராவது சொன்னாலும் நம்பாதீர்கள். வாட்ஸ் இரட்டிப்பானால் கூடுவது 3 டெசிபல். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தெரிய ஏறக்குறைய 10 டெசிபல் கூட வேண்டும், அதாவது பத்து மடங்கு வாட்ஸ்.

உண்மையான கோளாறு எங்கே இருந்தது? பிக்கப்பிலும் இல்லை, ஆம்ப்பிலும் இல்லை. வீட்டில் குறைந்த சத்தத்தில் வாசிக்கும்போது மனிதக் காதுக்கு லோ அலைவரிசை குறைவாகத்தான் கேட்கும். ஃப்ளெட்சர், மன்சன் என்ற ஆய்வாளர்கள் 1933லேயே இதை அளந்து எழுதிவிட்டார்கள். அதனால் வீட்டில் எல்லோரும் பேஸைக் கூட்டி, ட்ரெபிளைக் கூட்டி, நடு அலைவரிசையான மிட்டைக் குறைத்து வைக்கிறோம். தனியாகக் கேட்க அற்புதமாக இருக்கும். அதே செட்டிங்கோடு மேடையில் சத்தத்தைக் கூட்டினால், கூட்டிய லோ எல்லாம் முழக்கமாக எழும்பும். நோட்டை அடையாளம் காட்டுகிற மிட் அங்கே இருக்காது. இருக்கும் கொஞ்சமும் கிட்டாருக்கும் கீபோர்டுக்கும் அடியில் போய்விடும். திறந்த இ கம்பியின் அடிப்படை அதிர்வெண் சுமார் 41 ஹெர்ட்ஸ். பெரும்பாலான பாஸ் கேபினட்டுகள் அந்த அளவை முழுப் பலத்தோடு தருவதே இல்லை. நாம் "இ" என்று கேட்பதில் பெரும்பங்கு 82, 123 ஹெர்ட்ஸ் என்று மேலே போகிற அதன் மடங்குகள், அதாவது ஹார்மோனிக்குகள். ஆக, பேஸ் குமிழைத் திருகிக்கொண்டே போவதில் பயனில்லை. 250 முதல் 800 ஹெர்ட்ஸ் வரையிலான மிட்டைக் கொஞ்சம் கூட்டி, 30 - 40 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஹை பாஸ் ஃபில்டரால் வெட்டினால் பாஸ் திடீரென்று வெளியே வந்து நிற்கும்.

இதோடு இடம் வேறு. 41 ஹெர்ட்ஸ் ஒலியலையின் நீளம் 8 மீட்டருக்கும் மேல். அறைக்கு அறை சில நோட்டுகள் இடிபோல முழங்குவதும், சில அடி தள்ளி நின்றால் அதே நோட் காணாமல் போவதும் இதனால்தான். கேபினட்டை மூலையிலிருந்து நகர்த்திப் பாருங்கள், காதை நோக்கிச் சாய்த்து வையுங்கள். டெக்னீஷியன் அண்ணன் எனக்குச் செய்தது இவ்வளவுதான். நெக்கின் வளைவையும் சரிபார்த்து, முதல் ஃப்ரெட்டையும் கடைசி ஃப்ரெட்டையும் அழுத்திப் பிடித்தால் நடுவில் 0.3 மில்லிமீட்டர் போல இடைவெளி இருக்கும்படி வைத்தார். பொருள் ஒன்றும் வாங்கச் சொல்லவில்லை.

அமெரிக்க இசைப்பதிவு நிறுவனமான மோட்டவுனில் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சனை நினைத்துப் பாருங்கள். 1962 பிரெசிஷன், அறுந்தால் ஒழிய மாற்றாத ஃப்ளாட்வவுண்ட் கம்பி (வெளிச்சுற்று தட்டையானது), பிரிட்ஜ் மூடிக்கு அடியில் ஒரு துண்டு ஃபோம், ஒரே ஒரு விரல். பேட்டரி கிடையாது, ஹாட் பிக்கப் கிடையாது. இன்றும் பாஸ் டோன் என்றால் அவரைத்தான் உதாரணம் காட்டுகிறார்கள்.

கடையில் விடத்தான் வேண்டும் என்றால், அதற்கு முன் வீட்டிலேயே ஒரு பதிவு எடுத்துவையுங்கள். எல்லா குமிழும் முழுதாகத் திறந்து, எந்த ஈக்யூவும் (பேஸ், மிட், ட்ரெபிளைக் கூட்டிக் குறைப்பது) இல்லாமல், கிட்டாரை நேராக ஆடியோ இன்டர்ஃபேஸில் (கணினியில் ஒலியைப் பதியும் கருவி) செருகி நாலு கம்பியிலும் வாசித்துச் சேமியுங்கள். அடுத்து, பேட்டரி இல்லாத பாஸாக இருந்தால் கேபிளைச் செருகி, வால்யூமை முழுதாகத் திறந்து, கேபிளின் மறுமுனையில் நுனியிலும் உடலிலும் மல்டிமீட்டரை வையுங்கள். கிட்டாரைத் திறக்காமலே பிக்கப்பின் மின்தடை ஏறக்குறையத் தெரிந்துவிடும். எழுதிவைத்துக்கொள்ளுங்கள், திரும்பி வாங்கும்போது கடையிலேயே அளந்து பாருங்கள். பிக்கார்டைத் திறந்து உள்பக்கத்தைப் படம் எடுத்தால் இன்னும் நல்லது. கழற்றும் எந்தப் பாகமும் எனக்கே திரும்ப வேண்டும் என்று ரசீதிலேயே எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் அங்கே விடாதீர்கள். டெமோ காட்டும்போது பழைய கம்பியே இருக்க வேண்டும், வால்யூமும் அதே அளவில் இருக்க வேண்டும் என்று கேளுங்கள். வாசிப்பை நிறுத்திவிட்டு இரைச்சலைக் கேளுங்கள்.

மேடைக்கு ஒன்று மட்டும். மிக்ஸருக்கு நேராகப் போகிற டி.ஐ. சிக்னல் ஆம்ப்பின் ஈக்யூவுக்கு முன்பிருந்து போகிறதா, பின்பிருந்தா என்று பாருங்கள். பல ஆம்ப்புகளில் அதற்கு ஒரு ஸ்விட்ச் இருக்கும். முன்பிருந்து அனுப்பினால் நீங்கள் மேடையில் உங்களுக்காகத் திருகுவது வெளியே கேட்பவர்களைப் பாதிக்காது. சவுண்ட் இன்ஜினியரும் நன்றி சொல்வார்.

கேபினட்டை மட்டும் திருப்பி எடுத்துக்கொண்டார்கள், அதுவும் பணத்தைக் கழித்துக்கொண்டுதான். பழைய பிக்கப் இன்னும் கிடைக்கவில்லை. கறுப்பு மூடி, துணி உறை வயர், இ - ஏ பாதியின் ஓரக் காது லேசாக உடைந்திருக்கும், அடித்தகட்டில் சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி. யாராவது அப்படி ஒன்றை விற்கக் கொண்டுவந்தால் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். என்னிடம் பழைய படங்கள் இருக்கின்றன, ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம்.