165/80 ஆர்14, 185/65 ஆர்15, 195/55 ஆர்16: ஸ்விஃப்ட் காருக்கு எந்த டயர்?

மாருதி ஸ்விஃப்ட் காரின் தொடக்க வகைகள் 165/80 ஆர்14 டயருடனும், மேல் வகைகள் 185/65 ஆர்15 டயருடனும் வருகின்றன. பலேனோவின் உயர் வகைகளில் உள்ள 195/55 ஆர்16 டயரைப் பார்த்துவிட்டு, அதைத் தங்கள் ஸ்விஃப்டுக்கும் மாட்ட விரும்புவோர் உண்டு. ரிம் பெரிதானால் வண்டியும் உயரும் என்பது அவர்களின் நம்பிக்கை. கணக்கு வேறு விடை தருகிறது.

டயரின் பக்கவாட்டில் இருக்கும் முதல் எண், அதன் அகலத்தை மில்லிமீட்டரில் சொல்கிறது. இரண்டாவது எண் சதவீதம். பக்கச்சுவரின் உயரம் அகலத்தில் எத்தனை சதவீதம் என்பதை அது காட்டும். 'ஆர்' என்பதை ஆரம் என்று எண்ணிவிடக் கூடாது, அது ரேடியல் கட்டமைப்பை, அதாவது டயரின் உள்நூல்கள் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு நேர்க்குறுக்காக ஓடும் அமைப்பைக் குறிப்பது. அதன் பின்னால் வருவது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். 185-இல் 65 சதவீதம் 120.25 மி.மீ.; ரிம்முக்கு மேலும் கீழும் பக்கச்சுவர் இருப்பதால் அதை இரட்டித்தால் 240.5, 15 அங்குலம் என்பது 381 மி.மீ.; ஆக மொத்த உயரம் 621.5 மி.மீ. இதே முறையில் 165/80 ஆர்14 டயருக்கு 619.6 மி.மீ., 195/55 ஆர்16 டயருக்கு 620.9 மி.மீ. கிடைக்கின்றன. மூன்றுக்கும் இடையே 2 மி.மீ. வேறுபாடுகூட இல்லை.

வேறுபாடு பக்கச்சுவரில்தான் இருக்கிறது. 14 அங்குல டயரில் 132 மி.மீ. உயரம் இருக்கும் பக்கச்சுவர், 16 அங்குலத்தில் ஏறத்தாழ 107 மி.மீ. ஆகிவிடுகிறது. மழைநீர் மூடிய பள்ளத்தில் சக்கரம் இறங்கும்போது அந்த அடியை முதலில் வாங்குவது பக்கச்சுவரே. அது குறையக் குறைய ரிம் நெளிவதற்கும், பக்கவாட்டில் உள்நூல் அறுந்து டயர் புடைப்பதற்கும் வாய்ப்பு கூடும். வளைவுகளில் 16 அங்குல டயர் ஸ்டீயரிங்குக்கு உடனே கட்டுப்படும் என்பதை மறுக்க முடியாது. ஆனாலும் நம் தெருக்களில் தினமும் ஓடும் குடும்ப வண்டிக்கு அந்த 25 மி.மீ. ரப்பரை இழப்பது, என் கணிப்பில், நல்ல பேரமாகாது.

சுமையிலும் ஒரு வியப்பு உண்டு. 185/65 ஆர்15 டயரில் வழக்கமாகக் காணப்படும் 88 என்ற குறியீடு, ஒரு டயர் 560 கிலோ தாங்கும் என்பதைச் சொல்கிறது. வழக்கமான 195/55 ஆர்16 டயரில் அது 87, அதாவது 545 கிலோ. அகலம் கூடியும், விலை கூடியும், தாங்குதிறன் குறைகிறது. உள்ளே காற்றுக்கு இருக்கும் இடம் குறைந்துவிடுவதே காரணம். 165/80 ஆர்14 டயருக்கு 85, அதாவது 515 கிலோ.

15 அங்குல ரிம் வைத்திருப்போரை டயர் கடைகளில் ஈர்க்கும் நான்காவது அளவு 195/65 ஆர்15. இதன் உயரம் 634.5 மி.மீ. என்பதால் தரையிலிருந்து வண்டி 6.5 மி.மீ. உயரும், மறுபுறம், பழைய டயரில் மீட்டர் 10,000 கி.மீ. காட்டிய அதே தொலைவுக்கு இப்போது ஏறத்தாழ 9,795 கி.மீ. மட்டுமே காட்டும். இந்த 2 சதவீத மாற்றம் பொறுத்துக்கொள்ளத்தக்கதுதான். கவனிக்க வேண்டியது ரிம்மின் அகலம்: 185/65 டயர் 5 அங்குல அகல ரிம்மிலும் முறையாக அமரும், 195/65 டயருக்கோ குறைந்தது 5.5 அங்குலம் தேவை. ரிம்மில் பொறித்திருக்கும் எண் '5ஜே' என்றிருந்தால் 185/65 அளவிலேயே நின்றுகொள்வது நல்லது. 14 அங்குலத்திலிருந்து மாற விரும்புவோருக்கும் நான் பரிந்துரைப்பது அந்த அளவையே.