மெல்லிய ரிவால்வர் உறை: கோத்தகிரியில் போட்டுப் பழகியவன் சொல்வது

கூடலூர் பக்கம் தோட்டம் வைத்திருக்கும் நண்பர் போன வாரம் போனில் கேட்டார். "அண்ணே, அப்பாவோட ரிவால்வர் இப்ப என் லைசென்ஸ்ல ஏறிடுச்சு. நீங்க இடுப்புல போடுவீங்களே, அந்தச் சின்ன உறை, அது நல்லா இருக்கா? வாங்கலாமா?" அவசரத்தில் ஏதோ சொல்லி வைத்துவிட்டேன். தையல் பிரிந்த உறையைச் சரிசெய்து வாங்கி வந்த கையோடு இருக்கிறேன், அதனால் இப்போது முழுசாகவே எழுதிவிடலாம்.

என்னிடம் இருப்பது கான்பூர் தொழிற்சாலையின் .32 ரிவால்வர். வெப்லி என்ற பழைய பிரிட்டிஷ் ரிவால்வர் மாதிரி நடுவில் மடிந்து திறப்பது, 3 அங்குலக் குழல், ஆறு குண்டு. வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், கையில் எடுத்தால் சின்னதாகத்தான் இருக்கும், இடுப்பில் மாட்டினால் குண்டு இருக்கும் சிலிண்டரின் புடைப்பு விலாவுக்குக் கீழே நன்றாகவே தெரியும். உறை மிக எளிமையான வகை. தோலை மடித்து ஓரம் தைத்து, பெல்ட் நுழைய இரண்டு பிளவு போட்டிருக்கிறார்கள். டிரிகரையும் சிலிண்டரையும் மூடும். குழல் முனை கீழே திறந்தே இருக்கும். மேலே பட்டன் வைத்த பட்டை கிடையாது. பாதி விலைக்கு டிரிகர் கார்டை, அதாவது டிரிகரைச் சுற்றியுள்ள வளையத்தை, மட்டும் மூடும் பிளாஸ்டிக் கூடும் கிடைக்கிறது, அதை நான் உறையென்றே கணக்கில் எடுப்பதில்லை.

இந்த வகை உறையை விற்கிறவர்கள் முதலில் சொல்வது, சட்டைக்கு மேல் தெரியாது என்பதுதான். கோயம்புத்தூர் வெயிலில் ஒற்றைச் சட்டையோடு திரிகிறவருக்கு அது பெரிய விஷயம். கோத்தகிரியில்? ஸ்வெட்டர், அதன் மேல் கோட்டு. ஜூன் மாதச் சாரலில் கூடுதலாக ஒரு மழைக்கோட்டு. பழைய போலீஸ் உறையை மாட்டிக்கொண்டு போனாலும் யார் கண்ணிலும் படாது. மெலிவுக்காகக் கொடுக்கும் காசு மலையில் பாதி வீண் என்பது என் கணக்கு.

மறைப்பது நம் விருப்பம் மட்டும் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். பொது இடத்தில் கைத்துப்பாக்கியை உறையில் வைத்து, முழுக்க மூடி, நம் கட்டுப்பாட்டிலேயே வைத்திருக்க வேண்டும் என்கின்றன 2016 ஆயுத விதிகள். அதனால் டீக்கடையில் கோட்டைக் கழற்றிப் போடும் பழக்கம் உள்ளவர் உள்ளே நீளமான சட்டை போட்டுக்கொள்ளட்டும். இந்த உறை தானாக எதையும் முழுசாக மூடாது. பிடி மொத்தமும் வெளியேதான் நிற்கும்.

இனி எனக்கு ஆறாத எரிச்சலுக்கு வருகிறேன். இந்த உறையின் வாய்.

ரிவால்வர் உள்ளே இருக்கும்வரை எல்லாம் அழகாக இருக்கிறது. வெளியே எடுத்த நொடியில் பெல்ட்டின் இறுக்கம் தோலை இடுப்போடு அழுத்தி வாயை மூடிவிடும். திரும்ப வைக்க இடக்கை விரலால் வாயைப் பிளந்து பிடிக்க வேண்டும். அப்படிப் பிடிக்கிற விரல் குழலுக்கு நேர் முன்னால் நிற்கிறது. துப்பாக்கி பழகுகிறவனுக்கு முதல் நாளே சொல்லித் தருவது, குழல் முன்னால் உன் உடம்பில் எதுவும் வரக்கூடாது என்பது. அந்தப் பாடத்தை மீறினால்தான் பயன்படுத்த முடியும் என்று ஒரு உறையைச் செய்து வைத்தால் கோபம் வராதா?

குளிர் இதை இன்னும் மோசமாக்குகிறது. ஸ்வெட்டரின் கீழ் விளிம்பு கம்பளி, தொளதொளவென்று தொங்கும். மழைக்கோட்டின் அடியில் இழுத்துக் கட்டும் கயிறு ஒன்று, அதன் நுனியில் ஒரு பிளாஸ்டிக் குமிழ். உறைக்குள் தள்ளும்போது இந்தக் கம்பளியோ குமிழோ டிரிகர் கார்டுக்குள் புகுந்தால், தள்ளும் கையின் பலமே டிரிகரை இழுத்துவிடும். ரிவால்வரின் டிரிகர் கனமானது, தானாக வெடிக்காது என்று தைரியம் சொல்வார்கள். விரலால் இழுக்கக் கனம்தான். உள்ளங்கை முழுவதையும் வைத்து அழுத்தும்போது அந்தக் கனமெல்லாம் பொருட்டே இல்லை. அதனால் நான் இடுப்பில் இருக்கும் உறைக்குள் ரிவால்வரைத் திரும்ப வைப்பதே இல்லை. அறைக்குள் போய், பெல்ட்டைத் தளர்த்தி, உறையைக் கழற்றி மேசைமேல் வைத்து, குழல் சுவரைப் பார்க்க, கண்ணால் பார்த்துக்கொண்டே உள்ளே வைத்து, அப்புறம் உறையோடு சேர்த்து பெல்ட்டில் கோக்கிறேன். கட்டைவிரல் ஹேமர் மேலேயே, அதாவது தோட்டாவை அடிக்கும் பின்பக்கச் சுத்தி மேலேயே, இருக்கும். ஹேமர் பின்னால் நகர்ந்தால் உடனே விரலில் தெரியும், நிறுத்திவிடலாம்.

வாயோரத்தில் இன்னொரு அடுக்குத் தோல், அதற்குள் ஒரு மெல்லிய தகடு. இவ்வளவு வைத்திருந்தால் வாய் மூடவே மூடாது. நல்ல உறைகளில் இது எப்போதும் உண்டு. மெலிவு என்ற பெயரில் முதலில் இதைத்தான் வெட்டி எறிகிறார்கள். தையல் பிரிந்ததும் அங்கேதான். விரலால் பிளந்து பிளந்து அந்த மூலை கிழிந்துவிட்டது. குன்னூரில் தோல் வேலை செய்யும் ஒரு பெரியவரிடம் கொடுத்தேன். உறையைத் திருப்பிப் பார்த்தவர் கேட்டது ஒரே கேள்வி: "இதுக்கு ஏன் சார் உதடு வைக்கல?" ஒரு விரல் அகலத்தில் கெட்டித் தோல் பட்டை வெட்டி, வாயைச் சுற்றி வைத்து, மெழுகு நூலால் இரட்டைத் தையல் போட்டுக் கொடுத்தார். இப்போது வாய் நிற்கிறது. ஆனாலும் ஒரு வாரம் விடாமல் சாரல் அடித்தால் தோல் இளகி மறுபடி சாய்கிறது. அறையில் போய்க் கழற்றி வைக்கும் பழக்கத்தை நான் விடப்போவதில்லை.

ஈரம் என்றதும் பலரும் கைடெக்ஸ் என்ற கெட்டி பிளாஸ்டிக்கில் செய்த உறையை வாங்கச் சொல்வார்கள். அந்த பிளாஸ்டிக் தண்ணீர் குடிக்காது, வாயும் மூடாது, உண்மைதான். ஆனால் உள்ளே புகுந்த ஈரம் இரும்புக்கும் அதற்கும் நடுவில் அப்படியே நிற்கும். தினமும் துடைக்கிறவருக்கு அதுவே மேல். என் உறை மரப்பட்டை போட்டுப் பதனிட்ட தோல். இந்த மலையெங்கும் மண்டிக் கிடக்கும் சீகை மரத்தை (வாட்டில்) வெள்ளைக்காரன் காலத்தில் விறகுக்காகக் கொண்டு வந்தார்கள், பிறகு தோல் பதனிடும் பட்டைக்காகவும் நட்டு வளர்த்தார்கள். அப்படிப் பதனிட்ட தோல் ரிவால்வரின் உருவத்தை வாங்கிக்கொள்ளும். சிலிண்டர் பள்ளம், டிரிகர் கார்டின் வளைவு எல்லாம் இப்போது உறையின் வெளிப்பக்கத்திலேயே பதிந்திருக்கிறது. பட்டன் பட்டை இல்லாமலே ரிவால்வர் பிடித்து நிற்பது அந்தப் பதிவால்தான். தொட்டுப் பார்க்கவே சந்தோஷமாக இருக்கும்.

ஆனால் ராத்திரி அந்தத் தோலுக்குள் ரிவால்வரை விட்டு வைக்காதீர்கள். தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், குழலின் ஓரத்தில் செம்புள்ளியாகத் துரு ஆரம்பிக்கும். பித்தளைத் தோட்டாவைத் தோலில் செருகி வைத்தால் பச்சைக் களிம்பு பிடிக்கும். இந்த உறையில் தோட்டா செருகும் வளையம் இல்லாததை நான் நல்லதென்றே நினைக்கிறேன். வீட்டுக்கு வந்ததும் குண்டை எடுத்து, துடைத்து, எண்ணெய் துணி ஓட்டி, ரிவால்வர் இரும்புப் பெட்டிக்கு. உறை தனியே காற்றாடும் இடத்துக்கு. அடுப்புப் பக்கம் வைத்தால் தோல் விறைத்து வெடித்துவிடும்.

தேயிலை வரிசைக்குள் நடக்கிறவர்களுக்கு ஒன்று. செடியின் மட்டம் சரியாக இடுப்பளவு. அந்த மட்டத்தில் நீட்டி நிற்கும் குச்சி நுனிகள் ஒவ்வொன்றும் பெல்ட்டைத் தேடி வரும். பெரிய உறை சிக்கி இழுக்கும், இது உடம்போடு ஒட்டி இருப்பதால் வழுக்கிப் போய்விடுகிறது. கீழ்முனை திறந்திருப்பதால் இலையிலிருந்து சொட்டும் தண்ணீரும் தங்காமல் வடிந்துவிடும்.

நான் எதிர்பார்க்காத பெரிய நன்மை வேறு. பெரிய உறை போட்டிருந்த காலத்தில் ஜீப்பில் ஏறினால் இடுப்பெலும்பில் இடிக்கும், சீட் பெல்ட் போட முடியாது. அப்படி உறை போடுகிறவர்கள் அதைக் கழற்றி டேஷ்போர்டில் வைப்பதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். வண்டியில் விட்ட துப்பாக்கி திருடனுக்கு எடுத்து வைத்த துப்பாக்கி. இந்த உறையோடு கல்லட்டிப் பாதையின் 36 கொண்டை ஊசி வளைவையும் இறங்கியிருக்கிறேன், ஒரு முறைகூடக் கழற்றத் தோன்றவில்லை. உடம்பை விட்டுப் பிரியாத உறைதான் பத்திரமான உறை. இந்த ஒரு குணத்துக்காகவே மற்ற எரிச்சலை எல்லாம் பொறுத்துக்கொண்டிருக்கிறேன்.

கூடலூர் நண்பருக்கு இதே குணம் ஆபத்தும் ஆகலாம். போட்டிருப்பது மறந்துபோகும் அளவுக்கு லேசு. அவர் மைசூருக்குப் போகும் சாலை முதுமலைக்குள் போகிறது. சரணாலயத்துக்குள் ஆயுதத்தோடு நுழையத் தலைமை வன உயிரினக் காப்பாளரின் எழுத்து அனுமதி வேண்டும், 1972 வனவிலங்குச் சட்டம் சொல்வது. நாடுகாணி தாண்டினால் கேரளா, கக்கநல்லா தாண்டினால் கர்நாடகா. லைசென்ஸ் தமிழ்நாட்டுக்கு மட்டும் என்றால் அந்தப் பக்கம் அது செல்லாது. கிளம்பும்முன் இடுப்பைத் தொட்டுப் பார்க்கும் பழக்கம் வேண்டும். அப்புறம், கரடிக்கும் காட்டெருமைக்கும் பயந்து இதை மாட்டுவதாக யாராவது சொன்னால் தயவுசெய்து வேண்டாம். .32 குண்டு காட்டெருமையை நிறுத்தாது, வெறியேற்றும். விலங்கிடமிருந்து காப்பாற்றுவது தூரமும் டார்ச் வெளிச்சமும்தான்.

அதனால் தம்பி, இதை வாங்காதீர்கள். கூடலூர் மழை கோத்தகிரி மழை இல்லை, உங்கள் தோல் வாய் ஒரு பருவம்கூட நிற்காது. வாய் கெட்டியான, பட்டன் பட்டை வைத்த, கொஞ்சம் பருமனான உறையாகப் பாருங்கள். என்னுடையதை நான் நாளைக்கும் போடுவேன். அந்தப் பெரியவரிடம் இன்னொரு தோல் கொடுத்து, இதே அளவில், உதட்டுக்குள் தகடு வைத்து ஒன்று தைக்கச் சொல்லியிருக்கிறேன். பெல்ட் பிளவை மட்டும் பட்டன் போட்ட வளையமாக மாற்றச் சொன்னேன், பெல்ட்டை அவிழ்க்காமல் உறையோடு கழற்றி மாட்டுவதற்கு.